கடைசி இரண்டு ராடு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் உண்டாக்கியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது.

சங்ககிரிக்கு லாரி கழுவப் போனேன். கழுவியவன் கிளீனர் ஆனேன், கிளீனர் டிரைவர் ஆனேன். ஐந்து மாநிலத்து ரோடும் என் கால் கட்டைவிரலுக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், வடக்கே எங்கேயோ கவிழ்ந்து கிடந்து எல்லோரும் கழித்துக்கட்டிய ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, அதன் முதுகில் ஆழ்துளை போடும் ரிக்கை ஏற்றினேன். பட்டறைக்காரர்கள், "இந்தச் சேஸு இந்தக் கனத்தைத் தாங்காதுங்க, நடுவுல மடங்கீரும்" என்று தலையை ஆட்டினார்கள். மடங்கவில்லை. பதினேழு வருஷம் ஓடியது. எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு முதல் ரிக் என்னுடையது. என் அப்பன் வானத்தைப் பார்த்துக் கொள்ளு விதைத்த மேட்டுக்காட்டில் நான் கரும்பு வெட்டினேன். ஊருக்கு முதல் மாடி வைத்த மெத்தை வீடு நான் கட்டியது. பஸ் நிற்கிற இடத்தில் நிழற்குடை கட்டினேன். இன்றைக்கும் அதில் ஆடுகள் படுத்திருக்கின்றன, சில நேரம் மனுஷர்களும் உட்காருகிறார்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் எந்தக் காட்டில் மோட்டார் சத்தம் கேட்டாலும் மூன்றில் ஒன்று நான் போட்ட போர். மூன்றில் ஒன்று என்பது நான் குறைத்துச் சொல்வது.

இவ்வளவையும் உண்டாக்கிய நான், என் சொந்த வாசலில் ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லாமல் நின்றேன். அந்தக் கதையை எங்கள் சொந்தபந்தம் முழுக்கத் தப்பாகச் சொல்லித் திரிகிறது. அதைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்காவைக் கட்டியவர் எனக்கு மச்சான். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஆறு நிறுத்தம் தள்ளி அவர் காடு. ஒல்லியான மனுஷர். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அவர் நீரோட்டம் பார்ப்பார். குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பூமிக்குள் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் தேங்காய் மெல்ல எழுந்து குடுமியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் குதிகாலால் ஒரு கோடு கிழிப்பார். இத்தனை அடியில் தண்ணீர் என்று ஒரு கணக்கும் சொல்வார். நான் ரிக்கைக் கொண்டுபோய் அந்தக் கோட்டின் மேல் நிறுத்துவேன்.

ரிக் வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. அவர் பார்க்க, நான் போட. பத்துக்கு எட்டு இடத்தில் தண்ணீர்.

இதில் ஒரு விஷயம் மச்சானுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் "இருநூறு அடி மாப்ளே" என்பார். இருநூறில் சில நேரம் வரும். பல நேரம் வராது. துளையிலிருந்து பறந்து வருகிற கல்மாவை உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பேன். சுத்த வெள்ளையாக இருந்தால் அது வெறும் பாறை. லேசாகப் பழுப்பு ஏறியிருந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நறநறப்பு மாறியிருந்தால் இன்னும் ஒரு ராடு, இரண்டு ராடு இறக்கச் சொல்வேன். ராடு என்பது துளைக்குள் ஒன்றோடொன்று மாட்டி இறக்குகிற இரும்புக் குழாய். ஒன்று இருபது அடி. இறக்கினால் தண்ணீர் பொங்கும். மச்சான் சொன்ன இடம், நான் சேர்த்த அடி.

ஆனால் எங்கள் பக்கத்து முறை வேறு. தண்ணீர் மேலே வந்து விழுந்ததும் காட்டுக்காரர் ஒரு புதுத் துண்டை எடுத்து நீரோட்டம் பார்த்தவர் தோளில் போர்த்துவார். பார்த்தவருக்குத் துண்டு, போட்டவனுக்கு டீ. முதல் இரண்டு வருஷம் அந்த டீ எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு கசக்க ஆரம்பித்தது. மச்சான் வீட்டுக் கொடியில் துண்டுகளாகத் தொங்கும். என் அக்கா அவற்றில் ஒன்றை எடுத்துத்தான் எனக்குக் கைதுடைக்கக் கொடுப்பாள்.

மேச்சேரியில் வெடித்தது.

அங்கே ஒரு பண்ணைக்காரர், ஆட்டுப்பட்டி நிறையச் செம்மறி வைத்திருந்தவர். மச்சான் கையில் தேங்காய் பட்டிக்கு நடுவிலேயே எழுந்து நின்றது. ஆடுகளையெல்லாம் வேலிக்கு வெளியே ஓட்டிவிட்டு ரிக்கை உள்ளே விட்டேன். மச்சான் சொன்ன அடியில் வரவில்லை. ஒன்றரை ராடு சேர்த்தேன். பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி எங்கள் எல்லார் தலையிலும் கொட்டியது. பண்ணைக்காரர் ஆனந்தத்தில் அழுதேவிட்டார். ஜரிகைக் கரை போட்ட துண்டு ஒன்றை மச்சானுக்குப் போர்த்தி, பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார். கறிச்சோறு. நாற்பது பேர் இருக்கும். நான் இஞ்சினை நிறுத்தி, ராடுகளைக் கழற்றி ஏற்றிவிட்டு, தலை முதல் கால் வரை சேறாகப் பந்திப் பக்கம் வந்தேன்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "ஏப்பா, அந்த டிரைவருக்கும் ஒரு எல போடுங்கப்பா" என்றார்.

எனக்குக் காதில் நெருப்புப் பட்ட மாதிரி ஆகிவிட்டது. "ஆருங்க டிரைவரு? ஓனருங்க நானு!"

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. மூஞ்சியெல்லாம் சேறா இருந்துச்சுங்களா, அடையாளம் தெரியலீங்க."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். வாயில் எலும்பை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துண்டுதான்.

"தேங்காயை வெச்சுக்கிட்டு நாலு நட நடந்தவருக்கு மொத எலயா? பாறையை ஒடச்சவன் டிரைவரா? அந்தத் தேங்காயை ஒரு கொரங்கு கையில குடுத்தாலும் எந்திரிச்சு நிக்குமுங்க!" என்றேன். நாற்பது பேர் முன்னால் சொன்னேன்.

மச்சான் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். தோளில் இருந்த துண்டை எடுத்து நான்காக மடித்து, என் வண்டி சீட்டின் மேல் வைத்தார். "சரிங்க ஓனரு" என்றார். அவ்வளவுதான். நடந்துபோய் பஸ் ஏறிவிட்டார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. துண்டைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை, தோளில் போடவும் கை வரவில்லை. டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் போட்டுவைத்தேன்.

நீரோட்டத்தை நானே பார்க்கிறேன் என்று கிளம்பினேன். தேங்காய் என் கையில் நிற்கவில்லை. மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் நிற்கும் என்று கண்டுபிடித்தேன். அதையும் நானே கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அதுதான் வினை. எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாவது இடம் வெறும் புகை. நாலாவது, ஐந்தாவது புகை. எங்கள் தொழிலில் தண்ணீர் இல்லாத துளையைப் புகை என்போம். கல்மாவு புகையாகப் பறக்குமே தவிர ஈரம் இருக்காது.

சனங்கள் சும்மா இருப்பார்களா? நான் டீக்கடைக்குள் நுழைந்தால், "ஓனரு வாராரு, எந்திரிங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பெஞ்சில் இருக்கிற எல்லாரும் எழுந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வெளியே போயிருப்பார்கள். முழுப் பெஞ்சிலும் நான் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பேன். மரியாதை கூடிவிட்டது என்று நினைத்து வீட்டில் வந்து சொன்னேன்.

என் சம்சாரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "ஏனுங்க, மரியாதைன்னா பக்கத்துல உக்காருவாங்க. எந்திரிச்சு ஓடறதுக்கு வேற பேருங்க."

அந்தப் பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து தம்பிதான் நேரில் எடுத்துக்கொண்டு போவான். நான் போகாமல் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பால் ஊற்றுகிறவரிடம் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தவரிடம், "அக்கா என்ன கேட்டுது?" என்றேன்.

"ஒண்ணுங் கேக்கலீங்க. கரும்பை வாங்கிச் செவுத்துல சாச்சு வெச்சுட்டு, உள்ள போயிட்டாங்க."

ஏன் அவன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் பொங்கல் இறங்கியிருக்கும்.

இதற்குள் மெத்தை வீடு எழும்பிவிட்டது. மொசைக் தரை. முன்னால் நான்கு தூண் வைத்த போர்டிகோ. சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, அதைவிட ஒரு முழம் உயரமாகக் கட்டச் சொன்னேன். ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகும். தண்ணீர்தான் இல்லை. கட்டுகிற வேலைக்கே வண்டியில் பேரல் வைத்துக் கொண்டுவந்தோம். ரிக்காரன் வீட்டுக்குத் தண்ணீர் ஒரு பெரிய விஷயமா என்று வாசலில் ஒன்று போட்டேன், புகை. கொல்லையில் ஒன்று, புகை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் முன்னூற்று அறுபது அடி போனேன், அதுவும் புகை. மூன்றையும் கல் வைத்து மூடினேன்.

சம்சாரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு போட்டீங்கன்னா ஒரு பக்கத்துக்கு ஆச்சுங்க, பல்லாங்குழி ஆடலாமுங்க" என்றாள்.

தை மாசக் கடைசியில் குடிபோக நாள் குறித்தாயிற்று. எங்களில், புதுவீட்டுக்குள் முதலில் நுழைவது அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண். அந்த வீட்டுத் தண்ணீரை நிறைகுடமாக இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவோ தங்கையோ முன்னால் போக வேண்டும்; அவளுக்குப் பின்னால்தான் மற்றவர்கள். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அம்மா போன பிறகு என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவள் வரவில்லை என்றால் அந்த வீட்டில் நான் எப்படிப் பால் காய்ச்சுவேன்? பால்காரரிடம்தான் மறுபடியும் சொல்லி அனுப்பினேன்.

பதில் வந்தது. "தண்ணியில்லாத ஊட்டுக்கு நான் எந்தக் கொடத்தைத் தூக்கறது? எங்கூட்டுக்காரரு கைய வெச்சா அங்க தண்ணி வரும். அவர நீயே வந்து கூப்புடு. பால்காரர அனுப்ப வேண்டாம். அவருக்குப் பாலு ஊத்தற சோலி இருக்குது."

இரண்டு தடவை காரில் போனேன். அப்போது கார் வாங்கியிருந்தேன். அதையும் சொல்ல வேண்டியதுதான். மச்சான் காட்டு ஓரத்தில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவர் நிலக்கடலைக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. காரிலிருந்து இறங்க என் கால் மறுத்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை ஹாரனும் அடிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெயிலில் கார் அடுப்பாகக் கொதித்தது. சுற்றிலும் காடு, ஆள் நடமாட்டம், பேச்சு, சிரிப்பு. கண்ணாடிக்குள் நான் மட்டும் வெந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக நான் இருந்ததே அப்படித்தான்.

மூன்றாவது தடவை காரை விட்டுவிட்டேன். மஞ்சள் பையில் ஒரு குடுமித் தேங்காயைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

"ஏனுங்க ஓனரு, காரு என்னாச்சுங்க?" என்றார் கண்டக்டர்.

"காருக்குக் காச்சலுங்க" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் எனக்காக ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எழுந்து போகவும் இல்லை.

அக்கா வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காதது போல, "ஆருங்க அது? ஊட்டுக்காரரு காட்டுல இருக்கறாருங்க" என்றாள். ஆனாலும் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எங்கள் வீடுகளில் சண்டைகூடப் போட மாட்டார்கள்.

குடித்தேன். இளநீர் மாதிரித் தண்ணீர். வாய் சும்மா இருக்கிறதா? "இது நான் போட்ட போருதான அக்கா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கெட்டும் உன்ற வாயி அடங்குதா பாரு. போ, காட்டுக்குப் போ."

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பேச்சுத் தயார் பண்ணியிருந்தேன். வரப்பில் நடக்கும்போது எல்லாம் மறந்துபோயிற்று. மச்சான் குனிந்தே இருந்தார். என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் போய் நின்று, "மச்சான், டிரைவரு வந்திருக்கறேனுங்க" என்றேன்.

களைக்கொத்து நின்றது. நிமிரவில்லை. "ஏன், ஓனரு வரலீங்களா?"

"அவரு காருக்குள்ளயே உக்காந்துக்கிட்டாருங்க மச்சான். எறங்கத் தெரியல அவருக்கு."

மச்சானின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்தார், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "அந்தாளு அங்கயே கெடக்கட்டும் மாப்ளே. நீ அந்தக் களைக்கொத்த எடு. இந்த ரெண்டு சாலு முடிச்சுட்டுப் போலாம்."

வெள்ளை வேட்டியோடு அந்த இரண்டு வரிசையிலும் களை வெட்டினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் வந்தார், பின்னாலேயே அக்கா. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசல், கொல்லை, கொட்டகை எல்லாம் நடந்தார். என் மூன்று புகைகளைத் தாண்டும்போது தேங்காய் படுத்தே கிடந்தது. கடைசியில் போர்டிகோவுக்கு அடியில் போனார். நான்கு தூணுக்கும் நட்டநடுவில் தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு நாலடி தள்ளிப் போட்டுக்கலாமுங்களா மச்சான்?"

"தண்ணி நாலடி தள்ளி ஓடுனா போட்டுக்கலாம் மாப்ளே."

ரிக்கின் கோபுரம் நிமிர வேண்டுமானால் மேலே ஆகாயம் வேண்டும். அதாவது போர்டிகோ போக வேண்டும். மச்சான் வேண்டுமென்றே அந்த இடத்தைக் காட்டினாரோ என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் சிரிப்பார். என்ன செய்ய? சம்மட்டியை நானே எடுத்து முதல் அடி போட்டேன். சேலத்து டாக்டரைவிட ஒரு முழம் உயரமான போர்டிகோ மத்தியானத்துக்குள் கல்லும் மண்ணுமாகக் குவிந்தது. வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது. அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த நாள் ரிக்கை ஏற்றினேன். மச்சான் நூற்று எண்பது அடி சொன்னார். ஊர் முன்னால்தான் சொன்னார், ஆனால் இஞ்சின் பக்கத்தில் நின்ற எனக்கும் என் ஆட்களுக்கும் தவிர அது யார் காதிலும் விழவில்லை. ஒன்பது ராடு இறங்கியது. புகை. மாவு மாதிரி வெள்ளைப் புகை எங்கள் எல்லாரையும் மூடியது. மதில் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "நாலாவது குழியுங்கோ!" என்று கூவினார். சிரிப்பு.

மச்சான் என் அருகில் வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. காதில் வாய் வைத்துச் சொன்னார். "நிறுத்திரு மாப்ளே. எனக்குக் கையி போயிருச்சு. இந்த ரெண்டு வருசமா வேற வண்டிகளோட போன எடமெல்லாம் புகைதான். ஒனக்குத் தெரியாம இருக்கட்டும்னு ஆருகிட்டயும் சொல்லல. ஒரு போர்டிகோவ வேற ஒடைக்க வெச்சுட்டேன்."

தேங்காய் பிடித்த கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் சொன்ன குரங்குப் பேச்சை அந்தக் கை இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. இந்தத் துளையும் புகையாகப் போனால் அந்த மனுஷர் இனித் தேங்காயைத் தொடமாட்டார். அக்கா குடத்தோடு ஓரமாக நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், துளையை இல்லை.

கல்மாவைக் கையில் பிடித்தேன். வெள்ளைதான். ஆனால் வெயிலுக்கு நேராகப் பிடித்தால் டீயில் தோய்த்த மாதிரி ஒரு பழுப்பு. நாக்கில் வைத்தேன். நறநறப்பு மாறியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

"நான் சொல்றேன், இன்னும் ரெண்டு ராடுல தண்ணி" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு எல்லா யோக்கியதையும் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. மச்சானின் கையைப் பார்த்தேன். இஞ்சினை மெதுவாக்கிவிட்டு, மதில் மேல் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"மச்சான் இருநூத்தி இருவது அடின்னுதான் சொன்னாருங்கோ! அவசரத்துல நான்தான் ரெண்டு ராடு கொறச்சுப் போட்டேன். தப்பு எம்பேர்ல! எறக்குங்கப்பா இன்னும் ரெண்டு!"

மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எத்தனை துண்டு வேண்டுமானாலும் ஈடாகாது.

முதல் ராடு முழுக்க இறங்கியது. புகை. இரண்டாவது பாதி இறங்கும்போது புகை நின்றது. மாவு கட்டிகட்டியாக விழுந்தது. பிறகு சேறு. பிறகு பூமி ஒரு தும்மல் போட்ட மாதிரிச் சத்தம்; தண்ணீர் எழும்பி, உடைந்த தூண்களுக்கு மேலே போய், மதில் மேல் இருந்தவர்களையெல்லாம் நனைத்துக்கொண்டு கொட்டியது. நாலாவது குழி என்று கூவியவர் முதலில் நனைந்தார். அது எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பேனருக்கு அடியிலிருந்து மேச்சேரித் துண்டை எடுத்தேன். ஜரிகையில் கிரீஸ் பிடித்திருந்தது. உதறி, மச்சான் தோளில் நானே போர்த்தினேன்.

"என்ன மாப்ளே, டிரைவருக்குத் துண்டு இல்லியா?" என்றார். தோளிலிருந்து அதை உருவி, குழந்தைக்குத் துடைப்பது போல என் முகத்துச் சேற்றை அழுத்தித் துடைத்தார். ஜரிகை மூக்கைக் கீறியது. கிரீஸும் சேறுமாக என் முகம் முன்னைவிட மோசமானது. "இப்பப் பாருங்கோ, இவருதான் ஓனரு" என்று ஊருக்குக் காட்டினார்.

குறித்த நாளில் அக்கா அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். போர்டிகோ இல்லாத வீட்டுக்குள் வெயிலில் நனைந்துகொண்டே நுழைந்தோம். பந்தி மூன்று தடவை நடந்தது. நான் எல்லா இலைக்கும் தண்ணீர் ஊற்றினேன். போர்டிகோவை மறுபடி கட்டவேயில்லை. அந்த இடத்தில் அடிபம்பு வைத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் வந்து பேசிக்கொண்டே அடிப்பார்கள். வீட்டில் எந்நேரமும் ஆள் சத்தம். பல்லாங்குழி ஆட இடம் இல்லை என்று சம்சாரம் குறைப்பட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு மச்சானும் நானும் சேர்ந்து போட்ட போர்களுக்குக் கணக்கில்லை. போகிற இடத்தில் எல்லாம், தேங்காயை எடுக்கும் முன்பே அவர் காட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார்: "துண்டு ரெண்டா வாங்கி வெச்சுருங்க." என் வீட்டுக் கொடியிலும் துண்டுகள் தொங்கின.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. விஷயம் இனிமேல்தான்.

போன மாசம் அக்கா மகன் வந்தான். என் வாசல் போர் இன்னும் வற்றவில்லை, அதன் பக்கத்தில் ஒரு கல் நடப்போகிறேன் என்று, எழுதிய காகிதத்தைக் காட்டினான். "இங்கே இருநூற்று இருபது அடியில் நீர் உண்டு என்று அறிந்து சொன்னவர்" என்று போட்டு, கீழே அவன் அப்பா பெயர். என் பெயர் மருந்துக்கும் இல்லை. நான் நேராக மச்சானிடம் போனேன். அவருக்கு இப்போது கண் மங்கல், காது கொஞ்சம் மந்தம், சிரிப்பு மட்டும் அப்படியே.

"மச்சான், நெசமாச் சொல்லுங்க. நீங்க இருநூத்தி இருவதா சொன்னீங்க?"

"நீதான மாப்ளே ஊரு முன்னாடி நின்னு சொன்ன? நீ பொய்யா சொல்லுவ?" என்றார். அவர் முதுகு குலுங்கியது.

ஆகவே இதை எழுத்தில் வைக்கிறேன். நூற்று எண்பது அடி அவருடையது. அந்த இடமும் அவருடையது. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கடைசி நாற்பது அடி என்னுடையது. கல்மாவை நாக்கில் வைத்துப் பார்த்தவன் நான். அன்றைக்கு அதை அவருக்குக் கொடுத்தேன், மனசாரத்தான் கொடுத்தேன், கொடுத்ததற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அதற்காகக் கல்லிலும் விட்டுக்கொடுக்க முடியாது. இதைப் படிக்கிற சொந்தபந்தம் யாராவது கல் செதுக்குகிறவரிடம் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெயரைப் போட இடம் போதாவிட்டால் "டிரைவர்" என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். அந்த இரண்டு ராடு மட்டும் அதில் இருந்தாக வேண்டும்.